ஒரு வரிசை வெங்காயம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாத ஞாயிற்றுக்கிழமை காலை. புன்னாலைக்கட்டுவன் பக்கத்தில் ஒரு வெங்காயத் தோட்டம். அதன் வரம்பில் நின்று நான் சிரித்த சிரிப்பை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

நான் மானிப்பாயில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிப்பவள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, "உனக்கேன் இந்தத் தலையிடி?" என்று வீட்டில் எல்லோரும் கேட்கக் கேட்க, கணினி விஞ்ஞானத்தில் முதுமாணிப் பட்டம் படிக்கச் சேர்ந்தேன். சனி, ஞாயிறுகளில் வகுப்பு. பக்கத்துக் கதிரையில் ஒரு காலத்தில் என்னிடமே படித்த பெண். பாடத்தில் விளங்காததை அவளிடம் கேட்க முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அதுவும் பழகிவிட்டது.

கடைசி வருடம் ஆய்வு. வெங்காயச் செடியைப் போனில் படம் பிடித்தால், அதற்கு இலை சுருண்டு மஞ்சளாகும் நோய் இருக்கிறதா இல்லையா என்று போனே சொல்ல வேண்டும். அதற்கு நோயுள்ள செடி, நல்ல செடி என்று நிறையப் படங்களைக் கணினிக்குக் காட்டிப் பழக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு "இது காகம், இது குருவி" என்று காட்டுவோமே, அப்படித்தான்.

எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரின் சொந்தக்காரரான கணவனும் மனைவியும் தங்கள் தோட்டத்தில் படம் எடுக்கச் சம்மதித்தார்கள். இருவரும் என்னைவிட வயதில் இளையவர்கள். கணவர் அதிகம் கதைக்க மாட்டார். மனைவி அவருக்கும் சேர்த்துக் கதைப்பார். முதல் நாளே மனைவி ஒரு கட்டளை போட்டார்.

"நோய் வந்ததைப் பிடுங்கித் தாறன், எவ்வளவெண்டாலும் எடுங்கோ. நல்லதிலை மட்டும் கை வைக்காதேங்கோ ரீச்சர். வளருற பயிரைப் பாதியிலை பிடுங்கிறது எங்கடை வீட்டிலை வழக்கமில்லை."

எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. நல்ல செடிகளைச் செம்மண்ணில் நின்றபடியே எடுத்தேன். நோய் வந்த செடியைப் பிடுங்கினால் மண்ணில் போட மாட்டார்கள், மற்றதுக்கும் தொற்றிவிடும் என்று. வெள்ளை உரப்பை ஒன்றை வரம்பில் விரித்து அதன்மேல் போட்டு, பிறகு தூரக் கொண்டுபோய் எரிப்பார்கள். அந்தப் பையில் கிடக்கும்போதே நான் படம் எடுத்துக்கொண்டேன். படங்களும் துப்புரவாக இருந்தன.

ஒரு போகம் முழுக்க ஸ்கூட்டரில் அலைந்தேன். வெயிலில் முகம் கறுத்துப் போனதுதான் மிச்சம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தா. ஆனால் கடைசியில் முடிவு வந்தபோது கால் தரையில் நிற்கவில்லை. நூறு படம் காட்டினால் தொண்ணூற்றாறுக்குக் கணினி சரியான பதில் சொன்னது. என்னை மேற்பார்வை செய்த விரிவுரையாளரே, "இவ்வளவு வருமெண்டு நான் நினைக்கேல்லை" என்றார். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தேநீரோடு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது, மறைப்பானேன்.

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கையளிக்க வேண்டும். அதற்கு முந்திய ஞாயிறுதான் அந்த ஞாயிறு. ஒரு கேக் பெட்டியோடு தோட்டத்துக்குப் போனேன், நன்றி சொல்லவும், அப்படியே கொஞ்சம் பெருமை அடிக்கவும். அடுத்த போக வெங்காயம் அப்போது முழங்காலுக்குக் கீழே பச்சைப் பசேலென்று நின்றது.

வரம்பில் விரித்திருந்த பையில் கிடந்த செடியைப் போனுக்குக் காட்டினேன். போன் "நோய்" என்றது. பாத்தியில் நின்றதைக் காட்டினேன். "நல்லது" என்றது. கணவர் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக வாய் திறந்தார்.

"அப்ப ரீச்சர், உது நல்லதெண்டு சொன்னால் நாங்கள் மருந்து அடிக்கத் தேவையில்லைதானே?"

"ஓம்" என்றேன். யோசிக்கவேயில்லை.

அப்போதுதான் மனைவி மூன்றாவது பாத்தியைக் காட்டினார். "உதிலை ஒண்டு சுருண்டுபோய் நிக்குது, இன்னும் பிடுங்கேல்லை. அதையும் கேளுங்கோவன்." கிட்டப் போய்ப் பிடித்தேன். பார்த்தாலே நோய் என்று தெரிகிற செடி. போன் "நல்லது" என்றது. வெளிச்சம் சரியில்லை என்றேன். மற்றப் பக்கத்தால் பிடித்தேன். "நல்லது." இன்னொரு செடி. அதற்கும் "நல்லது."

மனைவி கிட்ட வந்தார். உரப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காலில் கிடந்த றப்பர்ச் செருப்பில் ஒன்றைக் கழற்றி அந்த வெள்ளைப் பையின் நடுவில் வைத்தார்.

"இப்ப பிடியுங்கோ பாப்பம்."

பிடித்தேன். "நோய்" என்றது.

அந்தப் பெண் வரம்பிலேயே குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ ரீச்சர், என்ரை செருப்புக்கும் இலை சுருண்டுபோச்சு! உங்கடை போன் வெங்காயத்தைப் பாக்கேல்லை, உரப்பையைத்தான் பாக்குது!" கணவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? ஒரு போகம் முழுக்க நான் கணினிக்குப் படிப்பித்தது, வெள்ளைப் பை எது, செம்மண் எது என்பதைத்தான். கணினியைச் சோதிக்க வைத்திருந்த பரீட்சைப் படங்களும் அதே பையில், அதே மண்ணில் எடுத்தவை. பிறகு தொண்ணூற்றாறு வராமல் என்ன செய்யும்?

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "பேசாமல் குடுத்துப்போட்டுப் பிறகு ஆறுதலாத் திருத்தன். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் படிக்கத் தொடங்கிய நாள் முதல் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவர் தலையில்தான். அவர் சொன்னதும் உண்மைதான். அது தெரிந்தவர்கள் தோட்டத்து அந்த இரண்டு பேர் மட்டும்தான். அவர்களுக்கு அது ஒரு பகிடி, அவ்வளவுதான். வெண்ணெய் திரளும்போது தாழியை நானே ஏன் உடைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. நானும் மனுசிதானே.

ஆனால் கண்ணை மூடினால் தோட்டக்காரருடைய கேள்விதான். மருந்து அடிக்கத் தேவையில்லைதானே? போன் சொன்னதை நம்பி அவர் சும்மா இருந்திருந்தால், சுருண்ட ஒரு செடியிலிருந்து நோய் பாத்தி முழுக்கப் பரவியிருக்கும்.

மறுநாள் பள்ளிக்கூட இடைவேளையில் மேற்பார்வையாளரை அழைத்தேன். செருப்பு வரை ஒன்றும் மறைக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு, "நீங்கள் சொல்லாட்டி எனக்கும் பிடிபட்டிராது. தவணை கேட்டு எழுதித் தாங்கோ, நான் சொல்லிவிடுறன்" என்றார். போனை வைத்துவிட்டு, கணினி அறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன். என்னோடு படித்தவர்கள் எல்லோரும் பட்டம் வாங்குவார்கள், நான் மட்டும் நிற்பேன் என்ற அழுகைதான். பெரிய தியாகம் செய்த உணர்வு ஒன்றும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போனேன். நோயுள்ள செடிகளை இனி நின்றபடியே எடுக்கலாம். ஆனால் பையில் வைத்து எடுக்க நல்ல செடிகளும் வேண்டும். அதாவது பிடுங்க வேண்டும். அதைக் கேட்க எனக்கு நா எழவில்லை. வேண்டிய படங்களைப் பற்றிச் சுற்றி வளைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். கணவர் மண்வெட்டியால் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டே கேட்டார். மண்வெட்டியைச் சாத்தினார். பாத்திக்குள் இறங்கினார். விளிம்பில் நின்ற நல்ல வெங்காயம் ஒரு வரிசையை, ஒவ்வொன்றாக, வேர் அறாமல் பிடுங்கி உரப்பையில் அடுக்கினார்.

"ஐயோ, வேண்டாம்" என்றேன்.

"பிழை எங்கடை பையிலையும்தானே ரீச்சர். எடுங்கோ" என்றார். அவ்வளவுதான் அவர் கதைத்தது.

படம் எடுத்து முடிந்ததும் மனைவி அத்தனையையும் கட்டாகக் கட்டி என் ஸ்கூட்டரில் வைத்தார். "பிடுங்கினதை எறியப்படாது. தாளை நறுக்கித் தேங்காய்ப்பூ போட்டு வறை வறுங்கோ." எங்கள் வீட்டில் மூன்று நாள் வெங்காயத்தாள் வறைதான்.

இரண்டாம் முறை வந்த முடிவு நூற்றுக்கு எண்பத்தொன்று. பட்டம் பிந்தித்தான் கிடைத்தது. நேர்முகப் பரீட்சையில் ஒருவர், முதலில் விட்ட பிழையை எந்த முறையால் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். "செருப்பால்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் முழுக் கதையையும் சொன்னேன்.

இப்போதும் ஏதாவது ஒன்று அளவுக்கு மிஞ்சிச் சரியாக வந்தால், நடுவில் ஒரு செருப்பை வைத்துப் பார்க்கச் சொல்கிறது மனம். அந்தச் சோதனையில் நான் தோற்றுப்போய் நின்றபோது, வழக்கத்தை மீறி எனக்காக ஒரு வரிசையைப் பிடுங்கித் தந்த மனிதர் இருந்தார் என்ற நினைவுதான், பிழையைப் பிழை என்று வாய்விட்டுச் சொல்ல இன்றும் எனக்குத் துணிவு தருகிறது.