எறும்பும் பாதரசமும்

காலையில் சமையல்மேடையில் எறும்பை நசுக்கியபோது எழுந்த புளித்த வாடை, குளக்கரைக்குக் கீழே இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தின் அறிவியல் அறைக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. அங்கே டீச்சர் தினமும் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் காற்றழுத்தம் அளக்கும் பாரமானியின் பாதரசம் காட்டுவதையும், மறுபக்கம் எங்களோடு படித்த, சிறுமலைப் பளியர் பழங்குடி வீட்டுப் பொன்னி வரும் வழியில் பார்த்ததையும் ஒரே அளவு எழுத்தில் எழுதுவார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று வகுப்பே சண்டை போடும்.

அந்த அடைமழை வாரத்தில் ஒருநாள் பாதரசம் வெகுவாக இறங்கி, பெரும் புயல்மழை வரும் என்று காட்டியது.

"எறும்பெல்லாம் முட்டையத் தூக்கிக்கிட்டு, கரையையும் தாண்டிப் பாறைக்கு ஏறுது டீச்சர்," என்றாள் பொன்னி.

இரண்டும் ஒன்றையே சொன்னதால் சண்டை போட ஒன்றுமில்லை. சாக்பீஸ் நின்றது. நிரம்பிய குளத்தின் தண்ணீர் கரையில் மோதும் சத்தம் கேட்டது.

"பைய விட்டுட்டு எந்திரிங்க, பாறைக்குப் போறோம்," என்றார் டீச்சர்.

அன்று யாரும் கரும்பலகையை அழிக்கவில்லை. இரவில் குளக்கரை உடைந்ததில், விடிந்தபோது அது மாட்டியிருந்த சுவரே இல்லை.