கூடாரவண்டிக்குக் கிடுகு வீடு

பயணத்தில் தங்க, மடித்து இழுத்துப்போகும் கூடாரவண்டிக்கு எங்கள் வளவில் வானமே கூரை. போன மாரியில் பிளாஸ்டிக் படங்கால் மூடி இறுக்கிக் கட்டினேன். உள்ளே வேர்த்து, கூடாரத்துணி பாதி பூஞ்சணம் பிடித்தது.

“இந்த மாரியும் கெட்டா பழைய இரும்புக்காரனுக்குத்தான்,” என்றாள் மனைவி.

இம்முறை, கரையில் தோணிகளுக்குப் போடுவதுபோல், காற்று உலாவ இடம்விட்டு உயரத்தில் தென்னோலைக் கிடுகு வேய்ந்தேன்.

“வண்டிக்கும் வீடு கட்டியாச்சு. எப்ப மச்சான் குடிபூரல்?” பக்கத்து வளவிலிருந்து மனைவியின் அண்ணன், அவளது காக்கா, மதிலுக்கு மேலால் சிரித்தார்.

மழை கொட்டிய நாளெல்லாம் தெற்கே போகும் சாலை என் கால்களுக்குள் துடித்தது.

மாரி விட்ட காலையில் கூடாரத்தை விரித்து நிமிர்த்தினேன். மனைவி துணியை முகர்ந்தாள்.

“அலுமாரியில வெச்ச பெருநாள் உடுப்பு மாதிரிக் கிடக்கு,” என்றவள், மதில் பக்கம் திரும்பினாள். “காக்கா, நாங்க பொத்துவிலுக்குப் போறம். கிடுகு வீடு சும்மாதான் கிடக்கும், நீங்க குடிபூருங்க.”