காதில் பஞ்சு வைத்தவர்

வளைகுடாவிலிருந்து குளச்சலுக்குத் திரும்பிய அந்த மீசைக்காரர், டிவிக்கென்றே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். எதையும் எச்.டி.யில் பதிவுசெய்து பிறகுதான் பார்ப்பார். உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம் சமநிலையில் எக்ஸ்ட்ரா டைமுக்குப் போனது. கம்ப்யூட்டரோ குறித்த நேரத்தோடு பதிவை முடித்துக்கொண்டது.

அந்தக் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கப் போன என்னிடம், இரண்டு காதிலும் பஞ்சோடு சொன்னார்: "ஆரு ஜெயிச்சாண்ணு மட்டும் சொல்லிராத மக்கா. டிவில திரும்பப் போடுவான், நான் கண்ணால பாத்துக்கிடுவேன்."

"நாலு நாளாச்சே அண்ணே, கோயில்ல, கடையில ஒருத்தரும் சொல்லலியா?"

ஒரு காதை மட்டும் திறந்து கேட்டுவிட்டு, "பின்ன பஞ்சு எதுக்கு வச்சிருக்கேன்?" என்றார்.

இரண்டு வருடம் கழித்துக் கருங்கல் சந்தையில் அவரைப் பார்த்தேன். பஞ்சு அப்படியே இருந்தது. சட்டென்று வாழைக்குலைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நான் போட்டிருந்த பனியனில், ஜெயித்த அணி கோப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றது.