ஜொகூர் போகும் கவுன்கள்

“...ஒல்லியா இருந்தாத்தானே ஒண்ணுமேல ஒண்ணா போட முடியும் லா. உன்னைக் கூட்டிட்டுப் போனா கஸ்டம்ஸ்காரனே சிரிப்பான்டி,” என்றாள் சின்னம்மா.

நேற்று ஃபேரர் பார்க் கடையொன்றில் புதுத்துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியதும், சிராங்கூன் சாலையில் இன்று இல்லாத எங்கள் மாடியறை திரும்பி வந்துவிட்டது. இங்கே சிங்கப்பூரில் வரியில்லாமல் வாங்கிய சிறுமிகளின் கவுன்களை மலேசியப் பக்கம் ஜொகூரில் விற்பதற்காகச் சின்னம்மா வாராவாரம் பாலம் தாண்டுவாள். மூட்டையாகக் கொண்டுபோனால் அங்கே வரி கேட்பார்கள் என்று, எல்லாவற்றையும் என் தங்கை வள்ளிக்கு அடுக்கடுக்காக மாட்டிவிடுவாள். பஸ் ஜன்னலோரம் வேர்த்து வழிய, நடந்தால் சரசரக்கும் ராணிபோல் போகிறவள், திரும்பும்போது தன் பழைய கவுனோடுதான் வருவாள் என்று தெரிந்தும் எனக்கு வயிறு எரியும்.

“ஒண்ணே ஒண்ணு போட்டுக்கறேன் சின்னம்மா. நானும் வரேன்.”

சின்னம்மா லேஸ் வைத்த நீலக் கவுனை எடுத்து என் முதுகில் வைத்து அளந்து பார்த்தாள். நான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன். அவள் அதை என் தலைக்கு மேலாகவே கொண்டுபோய், எதிரே நின்ற வள்ளிக்கு நான்காவதாக மாட்டிவிட்டாள்.