சிப்பி வாளியும் என் வீட்டுக்காரரும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளிச் சிப்பியால் என் உயிர் போய்த் திரும்பி வந்தது.

எங்கள் ஊர் செஞ்சியில் பாறைக்கா பஞ்சம்? ஆனால் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கும் என் மகள் பத்மாவுக்கு அலை அடிக்கிற பாறைதான் வேண்டுமாம்! அதில் ஒட்டியிருக்கும் சிப்பி எந்த மாதம் முட்டை விடுகிறது என்பதுதான் அவள் புராஜெக்ட். மாசாமாசம், கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துப் போய்ப் பெயர்த்து வர வேண்டும். ஒரு மாசம் தவறினாலும் வருஷ உழைப்பு வீண்.

வழுக்குப் பாறை, அலை, தனியாக ஒரு பெண்... எனக்குத் தூக்கம் வருமா? இந்த முறை நானும் கணவரும் அவளோடு பஸ் ஏறிவிட்டோம்.

இங்கே ஒரு சிக்கல். நாங்கள் ஜைனக் குடும்பம். சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறினால், அது தானாக இறங்கிப் போகும்வரை எங்கள் வீட்டில் காபி கிடையாது. அப்படிப்பட்ட வீட்டு மனுஷரான என் கணவர் கையில், கடற்கரையில் பெயர்த்த உயிருள்ள சிப்பிகளை வாளித் தண்ணீரோடு கொடுத்து, "நைனா, பாத்துக்க. தோ வந்துடறேன்" என்று மகள் பாறையின் அந்தக் கோடிக்குப் போனாள்.

சுள்ளென்று வெயில். கொஞ்ச நேரத்தில் வாளித் தண்ணீர் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிட்டது. இவர் பதறிப்போனார்.

"ஐயோ, எல்லாம் சாவுது போல இருக்குதே!"

கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வாளியோடு கடலில் இறங்கி... மொத்தத்தையும் கொட்டிவிட்டார்.

பத்மா ஓடி வந்தாள். "இன்னா நைனா பண்ணிட்ட? அது சாவல. வெயில் சூட்டுல முட்டை விட்டுக்கினு இருந்துச்சு!"

அதற்குள் கடல் ஏறத் தொடங்கியிருந்தது. அவளோ உளியும் பையுமாகத் திரும்பப் பாறைக்கு ஓடினாள்.

"வேணாம்டி, வந்துடு! அடுத்த மாசம் பாத்துக்கலாம்!"

"இதாம்மா அதுக்கு சீசனே!"

ஒரு பெரிய அலை பாறையை மூடியது. மகளைக் காணோம். நீச்சல் தெரியாத மனுஷன் மார்பளவு தண்ணீரில் நின்று "பாப்பா... பாப்பா..." என்று கத்துகிறார். அலை வடிந்தபோது, இரண்டு கையாலும் பாறையைக் கட்டிப் பிடித்துக் கிடந்தாள். முழங்கையெல்லாம் ரத்தம். பையில் சிப்பி! அடிக்கவா, அணைக்கவா? இரண்டும் செய்தேன்.

பஸ்ஸில்தான் விளக்கம் சொன்னாள். ஒரு சிப்பி ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவையும் தொடருமாம். ஆண் விந்தை விடும், பெண் முட்டையை விடும், இரண்டும் கடல் தண்ணீரிலேயே கலந்து குஞ்சாகுமாம்.

"அப்ப நான் கொட்னது?" என்றார் இவர், பயந்துகொண்டே.

"எங்கியோ மெதந்து போயி, ஏதோ ஒரு பாறைல ஒட்டிக்கும் நைனா. பொழைக்கிறது கொஞ்சம்தான்."

இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. "அதோட அம்மா?" என்று கேட்டேன்.

"அது இன்னாம்மா பண்ணும்? விட்டதோட சரி. எங்க போச்சு, இன்னா ஆச்சுன்னு கவலையே கிடையாது."

கொடுத்து வைத்தவள்! நானோ அடுத்த மாசமும் அந்தக் கரையில் போய் நிற்கத்தான் போகிறேன்.