வின்ஸ்டன் கவிழ்த்த சீட்டு

2024 மார்ச் 3: இழப்பு ரூ. 38,000
2024 நவம்பர் 17: இழப்பு ரூ. 61,500
2025 ஜனவரி 5: பயிற்சித் தளச் சந்தா ரூ. 9,600
2025 ஜூன்: லாபம் ரூ. 1,850
2025 ஜூலை: லாபம் ரூ. 4,150

கருமத்தம்பட்டி விசைத்தறிக் கூடமொன்றில் கணக்கு எழுதும் வின்ஸ்டனுக்கு வயது நாற்பத்தேழு. மதுக்கரையில் வீடு கட்ட வைத்திருந்த பணத்தில், லட்சத்துக்கு ஐந்நூறு குறைவாகக் கைபேசிப் போக்கர் சீட்டாட்டத்தில் தொலைத்தார். மனைவி ரெபேக்கா கத்தவில்லை.

"ஏனுங்க, மூணு மாசம் தொடர்ந்து நட்டமில்லாம ஆடிக் காட்டுங்க. நான் வாயே தொறக்க மாட்டேன். முடியலீன்னா அதைப் போன்ல இருந்து எடுத்துப்போடோணும்."

"காட்டறேன் அம்மணி."

அதற்காகத்தான் இணையத்தில் பயிற்சி. வேலை முடிந்தும் தறிச் சத்தம் காதில் இரைந்துகொண்டிருக்க, உக்கடம் பேருந்தில் பாடக் காணொளிகளைப் பார்ப்பார். எந்தச் சீட்டுக்கு ஆடலாம், எதற்கு விலகலாம் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனாலும் மே வரை, காசு வைக்காத ஒத்திகை மேசையில்கூடத் தோல்விதான். அவர் ஆடிய ஆட்டங்களைப் பயிற்சியாளர் யஷ்வந்த் திரையில் ஓட்டிப் பார்த்தார்.

"அண்ணா, எதிராளி பணத்தை ஏத்தினா நீங்களும் உடனே போடறீங்களே, ஏன்?"

"அவரு வெச்சுட்டாரு. நாம வெக்காம உட்டா நல்லாவாங்க இருக்கும்?"

"இது கல்யாண மண்டபம் இல்லைண்ணா. அவர் மொய் வைக்கலை."

வின்ஸ்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. மாதா கோயில் பங்கில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மொய் எழுதும் மேசையில் அவர்தான் உட்காருவார். வாங்கியதைக் கொஞ்சம் கூட்டித் திருப்புவதுதான் மரியாதை என்று ஊறிப்போன மனிதர்.

ஜூனிலிருந்து சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகப் பழகினார். ஒவ்வொரு முறையும், வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பியதுபோல் கூசியது. இரண்டு மாதம் தேறிவிட்டார். ஆகஸ்ட்தான் மூன்றாவது.

ஆகஸ்ட் 20 மாலை, கையில் இரண்டு ராஜா. திரை மேசையில் ராஜாவைவிடப் பெரிய ஏஸ் ஒன்று விழுந்தது. எதிராளி தன் பணம் முழுவதையும் முன்னே தள்ளினான். வின்ஸ்டன் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கவிழ்த்தார். எதிராளியிடம் என்ன இருந்ததென்று தெரியவில்லை. செய்தது சரியா என்று கேட்டு யஷ்வந்துக்கு எழுதினார்.

அந்த வாரமே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை வந்தது. மேசைகள் மூடிவிட்டன.

"மாசம் முடியலீங்களே," என்றார் ரெபேக்கா. "நீங்க ஜெயிச்சீங்கன்னு வெக்கறதா, தோத்தீங்கன்னு வெக்கறதா?"

"எனக்கே தெரியல அம்மணி."

செயலியை அவரே நீக்கினார். யஷ்வந்தின் பதிலுக்கு மட்டும் காத்திருந்தார். கடைசியில் மின்னஞ்சல் வந்தது: 'இனி வகுப்புகள் இல்லை அண்ணா, தளத்தை மூடுகிறோம். அந்த ஆட்டத்தில் நீங்கள் கவிழ்த்தது சரி.'

ரெபேக்கா கைபேசியை வாங்கிப் படித்தார். "சரிங்க, பாஸாயிட்டீங்க. திங்கக்கெழம நம்ம பங்குல சாரா ஊட்டுக் கல்யாணம். நம்ம ஊட்டு விசேஷத்துக்கு ஆயிரத்தொண்ணு மொய் வெச்சிருந்தாங்க."

"ஆயிரத்து நூத்தியொண்ணு வெச்சரலாம்," என்று சொல்லிவிட்டு மொய்க் கவரை எடுத்தார் வின்ஸ்டன்.

அந்தக் கடைசி மின்னஞ்சல் வந்த தேதி: 2025 செப்டம்பர் 12.