நாலாம் நம்பர் நிழல்

ஒரு மரத்தைக் கொன்றவனை மன்னிக்கச் சொல்லி இதுவரை மூன்று பேர் என் வீட்டுப் படியேறி வந்திருக்கிறார்கள். மூவருக்கும் காபி கொடுத்தேன். மன்னிப்பைக் கொடுக்கவில்லை.

மந்தைவெளியில் எட்டு வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. கேட்டை ஒட்டி உள்பக்கமாக ஒரு புங்கை நின்றது. சித்திரை பிறந்தால் பொரியைக் கொட்டியதுபோல் தரையெல்லாம் பூ. பெருக்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருந்தேன். அதை மிதித்து நடந்தால்தான் அன்றைக்கு எனக்கு இரண்டு வரியாவது வரும். தினமும் காலை ஒன்பது மணிக்கு நொச்சிக்குப்பத்து மீன்காரம்மா அந்த நிழலில் அன்னக்கூடையை இறக்கி வைத்து, அருவாமனையைப் போட்டு உட்காருவார். பதினோரு மணிவரை அது அவர் கடை. மற்ற நேரமெல்லாம் என் கடை.

மரத்தடியில் இருந்த கூரையில்லாத பார்க்கிங் மூன்றாம் மாடிக்காரனுடையது. தி.நகரில் மாமனாரின் துணிக்கடையைப் பார்த்துக்கொள்கிறவன். போன வருடக் கடைசியில் மஞ்சள் நிறத்தில், தரையை நக்கிக்கொண்டு வருகிற கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். இரண்டே கதவு. அகன்ற வாய். இத்தாலி வண்டி என்று லிஃப்ட்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான்.

மாசியில் மூன்று நாள் கோவை போயிருந்தேன். திரும்பி வந்தபோது கேட்டருகே வெளிச்சம் கூடுதலாக இருந்தது. முதலில் உறைத்தது அதுதான். பிறகுதான் முழங்கால் உயரத்துக்கு மிஞ்சியிருந்த அடிமரத்தைப் பார்த்தேன். வெட்டுவாய் இன்னும் ஈரமாக இருந்தது.

“கிளையைக் கழிக்கிறதாத்தானே மீட்டிங்ல பேசினோம்?” என்று அவனைக் கேட்டேன்.

“காக்கா எச்சம், சருகு, பிசின். எத்தனை நாள் மேடம் தொடைக்கிறது? இந்த பெயின்ட்டோட மதிப்பு உங்களுக்குத் தெரியாது.” சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சிரித்தான். “நீங்க வேணா மரத்துக்கு ஒரு கவிதை எழுதிடுங்க.”

மரத்தைக்கூட ஒருவேளை மறந்திருப்பேன். அந்தச் சிரிப்பைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மீன்காரம்மா தலைச்சுமையோடு அப்படியே நின்றார். “இன்னாம்மா, மரத்தக் காணோம்?”

நான் காரைக் காட்டினேன். கூடையை இறக்கிவிட்டு அதனருகே போனார். குனிந்து, மீன் வாடையடிக்கும் விரல் கணுவால் அதன் முகவாயில் தட்டினார். டொக். இன்னும் ஒருமுறை. டொக்.

“தே, இது ஃபைபரு. எங்க மீன்புடி போட்டும் இப்டித்தான் சத்தம் குடுக்கும்.”

“இத்தாலி வண்டியாம்.”

“இத்தாலியோ இன்னாவோ. உள்ள ஒரு மூஞ்சி கீது, அதும்மேல இன்னொரு மூஞ்சிய ஒட்டிக்கீறாங்க. தார்ப்பா போடாம ரெண்டு கோட வெயில்ல வுட்டா எங்க போட்டே வாயப் பொளந்துக்கும். இவன் இன்னாடான்னா கொட புட்ச்சிக்கினு இருந்த மரத்தப் போயி வெட்டிக்கீறான்.” கூடைக்குத் திரும்பி ஒரு சங்கரா மீனைத் திருப்பிப் போட்டார். “வெவரங்கெட்டவன்.”

அன்று மாலை போனில் தேடிப் பார்த்தேன். பாடி கிட் என்று பெயர். விலை குறைந்த காருக்கு விலை உயர்ந்த காரின் மூக்கு, உதடு, இடுப்பு, வால் எல்லாவற்றையும் வார்த்துக் கொடுக்கிறார்கள். பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் அசல் தோற்கும். எங்கள் வாசலில் நின்ற அதே மஞ்சள் வாய் அங்கே பெட்டியில் படுத்துக் கிடந்தது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. பழி மனத்தில் இருக்கிறவளுக்கு அக்னி நட்சத்திரத்தைப்போல் ஒரு கூட்டாளி உண்டா? வெயிலே, வா. மதியத்து வெள்ளைச் சிங்கமே, வந்து அந்த மஞ்சளை நக்கு என்று பால்கனியில் நின்று தினமும் அழைத்தேன்.

இதற்கிடையில் இன்னொன்றும் செய்தேன். கட்டடத்துக்குக் கீழே, தூண்களுக்கு நடுவே, கூரையுள்ள பார்க்கிங் நான்காம் நம்பர் என்னுடையது. அங்கே என் பழைய ஸ்கூட்டர் மட்டும்தான் நிற்கும். மீன்காரம்மாவை அங்கே உட்காரச் சொன்னேன். வாடை என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்தார். மூன்றாம் மாடிக்காரனை மன்னித்து விட்டுவிடுங்கள் என்று சொன்ன முதல் ஆளும் அவர்தான். என் பத்திரத்தில் இருக்கிற இடம், தினமும் ஃபினாயில் போட்டுக் கழுவுகிறேன் என்றேன்.

வைகாசி பிறந்த வாரத்தில் காரின் இடது கன்னம் விட்டது. முதலில் மயிரிழைபோல ஒரு கோடு. பிறகு விரல் நுழைகிற பிளவு. உள்ளே, சாம்பல் நிறத்தில், அதன் பிறவி வாய் தெரிந்தது.

இரண்டாவதாக அவன் மனைவி வந்து மன்னிப்புக் கேட்டாள். அவன் கேட்கவில்லை. இடம் கேட்டு வந்தான்.

“மேடம், உங்க ஸ்லாட்ல ஸ்கூட்டர்தானே நிக்குது. மாத்திக்கலாமா? நெழல்ல விடலைன்னா மொத்தமும் உரிஞ்சிடும்கறாங்க.”

“நெழல் இருந்துச்சே தம்பி.”

காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஞாயித்துக்கெழம மாமனார் வர்றாரு. அவர்ட்ட இந்த வண்டியப் பத்தி வேற மாதிரி சொல்லி வெச்சிருக்கேன்.”

“அங்க மீன்காரம்மா உக்காந்திருக்காங்க.”

“அவங்க பதினோரு மணிக்குக் கெளம்பிடுவாங்களே.”

“அப்புறம் ஸ்கூட்டர் நிக்கும். அதுக்கும் பெயின்ட் இருக்கு.”

சொன்னபோது என் நாக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். வேட்டி, நெற்றியில் திருநீறு, தெற்கத்திப் பேச்சு. மகள் வீட்டிலிருந்து கீழே இறங்கியதும் மீனைப் பார்த்துவிட்டார். நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உலர்த்த வேண்டிய துணி ஒன்றும் இல்லை.

“வஞ்சிரம் எப்பம்மா புடிச்சது?”

“காலீல வந்துது நைனா. கண்ணப் பாரு, உன்னயே பாத்துக்கினுகீது.” துண்டு போட்டுக்கொண்டே கேட்டார், “அந்த மஞ்ச வண்டிக்காரரு உனக்கு இன்னா ஒறவு?”

“மருமவன்.”

“வாய் பொளந்துக்கிச்சு பாரு. எங்க குப்பத்துல போட்டுக்கு ஒட்றவன் ஒருத்தன் கீறான். அதே ஃபைபருதான். சொல்லி அனுப்பவா?”

பெரியவர் நடந்துபோய்க் காரின் முன்னால் குனிந்தார். டொக். மேலே எனக்குக் கேட்டது. நிமிர்ந்து, மூன்றாம் மாடியைப் பார்த்தார். அங்கே ஒரு திரை அசைந்தது. பிறகு அடிமரத்தைப் பார்த்தார்.

மன்னிப்புக்காக மூன்றாவதாக என் படியேறியவர் அவர்தான். “சின்னப் புத்தி அவனுக்கு. மன்னிச்சுக்கிடுங்கம்மா. அதே எடத்துல வேற மரம் வச்சுத் தாரோம்.”

“வைங்க. அது நெழல் குடுக்கட்டும். அப்புறம் பேசலாம்.”

வைத்திருக்கிறார்கள். மீன்காரம்மாவின் இடுப்பளவுகூட இல்லை. அவர் நான்காம் நம்பரில் உட்கார்ந்து நெத்திலி ஆய்கிறார். எதிரே நீலத் தார்ப்பாய் போர்த்திய கார், கரையில் ஏற்றிப் போட்ட படகுபோல வெயிலில் கிடக்கிறது. நான் தினமும் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். அதன் நிழல் இன்னும் என் செருப்பைக்கூட மூடவில்லை.